அக்கரைச் சொதி

நெல்லிப்படுகைப் பாலம் திறந்த மறுநாள் காலையில், கோபித்துக்கொண்டு அதன்மேல் நடந்து பிறந்த வீட்டுக்குப் போன முதல் பெண் நீலாம்பாள் ஆச்சி. அதற்கப்புறம் எத்தனையோ பேர் போனார்கள். ஆனால் முதலில் போனவள் அவள்தான். அந்தப் பாலத்துக்காக நாயாய் அலைந்தவர் அவள் புருஷன்தான்.

அது தொண்ணூற்றைந்தாம் வருஷம், ஆவணிக் கடைசி. நான் நெல்லிப்படுகை உயர்நிலைப் பள்ளிக்குக் கணக்கு வாத்தியாராக மாற்றலாகி வந்து, சங்கரசுப்பிரமணிய பிள்ளையின் அடுத்த வீட்டில் வாடகைக்கு இருந்தேன். இரண்டு வீட்டுக்கும் பொதுச் சுவர். அவர்கள் மிளகாய் வறுத்தால் நான் தும்முவேன். அவர்கள் பையன் மகேஷ் கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்விட்டதால் வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். ஆனால் பத்துப் பேர் பேசுகிற அளவுக்குப் பேச்சு இருக்கும்.

பிள்ளைவாள் தவசுப்பிள்ளை, கல்யாண வீடுகளில் சமையல் செய்கிறவர். சேரன்மகாதேவி சுற்றுவட்டாரத்தில் சைவக் கல்யாணம் நிச்சயமானால் பத்திரிகை அடிப்பதற்கு முன்னால் இவரைப் பார்க்க ஆள் வந்துவிடும். முக்கியமாகச் சொதிக்காக. கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டில் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற மறுவீட்டுச் சாப்பாட்டில் சொதி இல்லையென்றால் எங்கள் பக்கத்தில் அந்தக் கல்யாணம் பாதிக் கல்யாணம். தேங்காய்ப் பாலும் பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் எலுமிச்சம்பழமும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாமல் சேர்ந்து நிற்க வேண்டும். கூட இஞ்சிப் பச்சடி. பிள்ளைவாள் ஆண்களைக் கூட்டிக்கொண்டு அண்டாக்களோடு போய்விடுவார். ஆச்சி போவதில்லை. பொடி திரிப்பது, இஞ்சி சீவுவது, புளி கோது எடுப்பதெல்லாம் வீட்டில் அவள் கையால் நடக்கும். கல்யாணத்துக்கு முந்தின நாட்களில் அந்த ஆட்டுரல் சத்தத்தில்தான் நான் பரீட்சைத் தாள் திருத்துவேன்.

ஆச்சிக்குப் பிறந்த ஊர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், அரசங்குளி. துறையில் குளித்துவிட்டு நிமிர்ந்தால் அவள் அண்ணன் வீட்டுத் தென்னைமரம் தெரியும். கடுங்கோடையில் சில வாரம் மட்டும் முழங்கால் தண்ணீரில் நடந்துவிடலாம். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் சேரன்மகாதேவிக்கு ஒரு பஸ், அங்கே ஆற்றைத் தாண்டி இன்னொரு பஸ். அதனால் அவர்கள் வீட்டில் எந்தச் சண்டையும் முற்றியதில்லை. பஸ் வருவதற்குள் ஆச்சிக்குப் பாதிக் கோபம் போய்விடும். சேரன்மகாதேவியில் ஒரு காப்பி குடித்தால் மிச்சமும் போய்விடும். பிச்சிப்பூ வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு திரும்பிவிடுவாள்.

பாலம் வேண்டுமென்று பிள்ளைவாள் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்தார். போகும்போதெல்லாம் பக்கத்திலிருக்கிற சுலோசன முதலியார் பாலத்தில் நின்று பார்த்துவிட்டு வருவார். வந்து என்னிடம்தான் சொல்லுவார்.

"நூத்தம்பது வருசத்துப் பாலம் சார்வாள்! முதலியாரு தன் சொத்தைப் போட்டுல்லா கட்டியிருக்காரு. இன்னிக்கும் லாரி போகுது, பஸ்ஸு போகுது. மனுசன்னா அவன் மனுசன்."

உள்ளேயிருந்து ஆச்சியின் குரல் வரும். "அவரு பொஞ்சாதி நகைய எல்லாம் கழத்திக் குடுத்தான்னும் சொல்லுவாவ. பாலத்துல யாரு பேரு இருக்கு?"

"ரெண்டு பேரையும் எழுதுனா பலகை பத்தாதுட்டி."

"பெரிய பலகையா வைக்கது."

இப்படிச் சிரிப்போடு போய்க்கொண்டிருந்ததுதான். பாலம் திறந்த அன்று சிரிப்பு நின்றுபோனது.

திறப்பு விழாவுக்கு வந்த பெரிய அதிகாரிக்கும் கூட வந்தவர்களுக்கும் பள்ளிக்கூடத்தில் சாப்பாடு. பிள்ளைவாளுக்கு அன்றைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தோரணம் கட்டுகிற இடத்தில் அவர்தான், நாதஸ்வரக்காரரை அதட்டுகிற இடத்திலும் அவர்தான். அடுப்புப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. காலையிலிருந்து நின்று சொதி வைத்தவள் ஆச்சி. அதிகாரி இரண்டாம் தடவை வாங்கி ஊற்றிக்கொண்டு, "யாருங்க சமையல்?" என்று கேட்டார். அப்பளக் கூடையோடு வந்த பிள்ளைவாள் நெளிந்தபடி, "நம்ம கைதான் ஐயா" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் பக்கத்து இலையில் இருந்தேன். தூணுக்குப் பின்னால் நின்ற ஆச்சியின் முகத்தைப் பார்த்தேன். அதற்கப்புறம் எனக்குச் சொதி இறங்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் சுவர் வழியாகக் கேட்டது.

"அது உங்க கையா?"

"எது?"

"நேத்து வச்ச சொதி."

"ஏட்டி, ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான. உன் கை என்ன, என் கை என்ன?"

"அப்போ என் பொஞ்சாதி கைன்னு ஒரு பேச்சுக்குச் சொல்லியிருக்கலாம்லா?"

"அத்தன பெரிய மனுசன் முன்னால வீட்டுப் பொம்பளைய இழுத்து நிறுத்தச் சொல்லுதியா? கோட்டி பிடிச்சிருக்கா உனக்கு?"

தாம்பாளம் ஒன்று தரையில் சுழன்று அடங்கியது.

"நான் எங்க வீட்டுக்குப் போறேன்."

"தாராளமாப் போ. பஸ்ஸுக்குத்தான் இன்னும் நேரங் கெடக்கு."

இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில்தான் நினைவு வந்திருக்க வேண்டும்.

"பஸ்ஸு எதுக்கு?" என்றாள் ஆச்சி.

நான் வாசலுக்கு வந்தபோது அவள் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தாள். பிள்ளைவாள் இடுப்பு வேட்டியைப் பிடித்தபடி வெளியே வந்தார்.

"சார்வாள், போயிட்டா! நடந்தே போயிட்டா!"

புரட்டாசி முழுக்க அவள் வரவில்லை. பிள்ளைவாள் சாயங்காலமானால் காற்று வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பாலத்துக்குப் போவார். அதற்குள் பாலம் இரண்டு ஊருக்கும் பொது முற்றமாகிவிட்டது. காலையில் ஓரத்தில் நெல் காயும். சாயங்காலம் கைப்பிடிச் சுவர் நெடுகப் பேச்சும் சுண்டலுமாக இருக்கும். புதுசாய்க் கல்யாணம் ஆனவர்கள் ஒருவரையொருவர் தொடாமல் நடந்து, நட்டநடுவில் நின்று தண்ணீரைப் பார்ப்பார்கள். பிள்ளைவாளும் நட்டநடுவில்தான் நிற்பார். அதைத் தாண்ட மாட்டார்.

தாண்டிப் போய் வந்தவன் சங்கிலிபூதத்தான். பிள்ளைவாளிடம் பல வருஷமாக அடுப்பு வேலை பார்க்கிற ஆள், அவருக்கும் கொஞ்சம் மூத்தவன். சைக்கிளில் திரும்பி வருகிறவனைப் பிள்ளைவாள் மறித்துக்கொள்வார்.

"என்னலே சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி. அவியல் போட்டாவ."

"அவியலா?"

"ஆமா."

"சேனைக்கெழங்கு போட்டிருந்தாளோ?"

"போட்டிருந்தாவ."

பிள்ளைவாள் ஆற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் அவர் மோர்ச்சோறும் ஊறுகாயுமாக ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் நான் பார்த்துவிட்டேன். தட்டை மறைக்கப் பார்த்து, முடியாமல், "ஊருக்கே ஆக்கத் தெரியும் சார்வாள். ஒருத்தனுக்கு ஆக்கத் தெரியலையே" என்றார்.

"போய்க் கூப்பிடுங்களேன்" என்றேன்.

"அவளுக்கு வரத் தெரியாதாக்கும்? வழி தெரியாதா? நாந்தான பாலங் கட்டிக் குடுத்திருக்கேன்?"

இந்த நேரத்தில்தான் அரசங்குளி ஆவுடைநாயகம் பிள்ளையின் மகளுக்கு நெல்லிப்படுகையில் மாப்பிள்ளை அமைந்தது. பாலம் வந்தபின் இரண்டு ஊருக்கும் நடுவே நடக்கப்போகிற முதல் சம்பந்தம். ஐப்பசியில் கல்யாணம். ஆவுடைநாயகம் தாம்பூலத்தட்டோடு சங்கரசுப்பிரமணிய பிள்ளையைப் பார்க்கப் புறப்பட்டவர், வழியில் ஆச்சியின் அண்ணன் வீட்டு வாசலில் நின்று, "உங்க வீட்டுக்காரரப் பாக்கத்தான் தாயி போறேன்" என்றிருக்கிறார். ஆச்சி, "தட்ட இங்கன வைங்க. நான் ஆக்கித் தாரேன்" என்று சொல்லிவிட்டாள்.

அந்தப் பக்கப் பாலமுனையில் பீர் மைதீன் டீக்கடை போட்டிருந்தார். அங்கேதான் எனக்கு இந்தத் தாக்கல் கிடைத்தது.

"ஆவுடைநாயகம் அண்ணாச்சி பயந்துட்டாரு சாரே" என்றார் பீர் மைதீன், டீயை ஆற்றியபடி. "பொம்பள தவசுப்பிள்ளையான்னு கேட்டாராம். கல்யாண வீட்டுக் கோட்டை அடுப்பு ஆம்பள பொம்பள பாத்தா எரியுதுன்னு கேட்டாவளாம் ஆச்சி. மனுசன் தட்ட வச்சிட்டு வந்துட்டாரு."

மாப்பிள்ளை வீட்டில் முணுமுணுப்பு. எங்கள் தெருவில் ஒரே சிரிப்பு. பிள்ளைவாளுக்கு முகமே இல்லை. அன்றைக்குச் சங்கிலிபூதத்தான் வந்து வாசல்படிக்குக் கீழே நின்றான்.

"அண்ணாச்சி, நான் ஆச்சி கூட நிக்கப் போறேன்."

"உனக்குத் தொழில் சொல்லிக் குடுத்தது யாருலே?"

"நீங்கதான்."

"பொறவு?"

"சோறு போட்டது அவ்வொ" என்றான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னான்: இந்தக் கல்யாணம் நல்லபடியாக முடிந்தால் ஆச்சி அங்கேயே தொழிலை ஆரம்பித்துவிடப் போகிறாளாம். பிள்ளைவாள் அப்படியே படியில் உட்கார்ந்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை பாலத்தைத் தாண்டிப் போனேன். ஆச்சி முற்றத்தில் வெயிலில் மிளகாய் பரப்பிக்கொண்டிருந்தாள். மோர் கொடுத்தாள். அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை. ஆனால் மெலிந்துவிட்டார் என்று நான் சொன்னதும் மிளகாய் பரப்புகிற கை நின்றது.

"கோவத்துல மட்டும் செய்யுதேன்னு நெனைக்காதீங்க சார். கல்யாணமாகி வந்த நாளுலேருந்து அவ்வொ கல்யாண வீட்டுலேருந்து வந்தா, வேட்டி மணத்தை வச்சே சொல்லிருவேன், இன்னிக்குச் சாம்பார்ல பெருங்காயம் கூடிப்போச்சுன்னு. சரியா இருக்கும். ஆனா ஒருநாளாவது அந்த அடுப்பு முன்னால நின்னது கெடையாது. பள்ளிக்கூடத்துல அன்னிக்கு நின்னேன் பாத்தீங்களா? அம்புட்டுப் பெரிய சருவத்துல பால் விடும்போது..." அவள் சொல்லத் தெரியாமல் சிரித்தாள். "திரும்ப ஒருக்கா நின்னு பாக்கணும் சார். அவ்வளவுதான்."

கல்யாணத்தன்று மாப்பிள்ளை ஊர்வலம் பாலத்தின் மேல்தான் போனது. மேளக்காரர் நட்டநடுவில் நின்று, கீழே ஓடுகிற ஆற்றுக்கும் சேர்த்து ஒரு ராகம் வாசித்துவிட்டுத்தான் நகர்ந்தார். ஊரே போயிற்று. பிள்ளைவாள் தலைவலி என்று படுத்துக்கொண்டார். நான் திரும்பி வந்தபோது வாசலில் நின்றார்.

"சாம்பார் எப்படி?"

"நல்லா இருந்தது."

"எவ்வளவு நல்லா?"

"ரொம்ப நல்லா."

"ம்" என்று உள்ளே போனவர் திரும்பி வந்தார். "சாம்பார் யாரும் வச்சிரலாம் சார்வாள். நாளைக்குச் சொதிலா இருக்கு."

மறுநாள் கருக்கலிலேயே மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை, கீழ்காற்றோடு. நான் குடையோடு துறைக்குப் போனேன். பிள்ளைவாள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் அங்கே நின்றார். ஆறு செங்காவியாய்ப் பெருகிக்கொண்டிருந்தது. அவர் ஆற்றைப் பார்க்கவில்லை. அக்கரையில் கல்யாண வீட்டுக்குப் பின்னால், சமையலுக்காக ஓலை வேய்ந்த ஆக்குப்புரைக்கு மேலே எழும்புகிற புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளைப் புகை சார்வாள். வெறகு நனைஞ்சு போச்சு."

"சமாளிச்சிருவாங்க."

"எங்க சமாளிக்க? இந்தப் புகையில தேங்கா மொதப்பாலை விட்டா சொதி புகையக் குடிச்சிரும். வாயில வைக்க முடியாது. ரெண்டு ஊரும் இலை போட்டு உக்காந்திருக்கும். அவ தனியா நிப்பா." தலைத் துண்டை உருவி இடுப்பில் கட்டினார். "ரெண்டு ஊரு முன்னாலயும் நிப்பா."

அவர் ஓடினார். நான் பின்னால் ஓடினேன். அவர் வீட்டுப் பின்கட்டில் வருஷக்கணக்காய்க் காய்ந்த புளியவிறகு அடுக்கியிருந்தது. தெருவில் கிடந்த கைவண்டியை இழுத்து வந்து விறகை ஏற்றி, மேலே தார்ப்பாயைப் போட்டுக் கட்டினோம். அவர் முன்னால் இழுக்க, நான் பின்னால் தள்ளினேன்.

பாலத்தில் ஏறியதும் காற்று எங்களைப் பிடித்துக்கொண்டது. கீழே வாழைமரங்களும் யாருடைய வீட்டுக் கதவோ ஒன்றும் சுழன்று போயின. மழை முகத்தில் அறைந்தது. என் குடை பறந்தே போய்விட்டது. திடீரென்று பிள்ளைவாள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"சார்வாள்! முன்ன மாரி இருந்தா இன்னிக்கு நம்ம கரையிலயே நின்னு கையப் பெசஞ்சுக்கிட்டுலா இருக்கணும்! பாலத்தைப் பாத்தீரா? அசையுதா பாத்தீரா?"

"அசையலை! இழுங்க!"

பீர் மைதீன் கடையிலிருந்து பார்த்துவிட்டு டீ வடிகட்டியைப் போட்டது போட்டபடி ஓடிவந்து மூன்றாம் ஆளாகக் கை கொடுத்தார்.

ஆக்குப்புரைக்குள் கண்ணைத் திறக்க முடியவில்லை. சங்கிலிபூதத்தான் ஊதுகுழலோடு குனிந்து இருமிக்கொண்டிருந்தான். ஆச்சி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கண் சிவக்க, பெரிய அகப்பையோடு நின்றாள். வண்டியைப் பார்த்தாள். விறகைப் பார்த்தாள். அவரைப் பார்க்கவில்லை.

"வெறகு எங்கன போட?" என்றார் பிள்ளைவாள்.

"அந்த ஓரமா."

போட்டார். அடுப்பு பிடித்தது. புகை கலைந்து தீ செம்மஞ்சளாய் நின்றது. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். இனி அகப்பையை வாங்கிக்கொள்வார் என்று நினைத்தேன். சங்கிலிபூதத்தான் ஒதுங்கியே நின்றான். பிள்ளைவாள் தலையைத் துவட்டிக்கொண்டார்.

"நான் என்ன செய்ய?" என்று கேட்டார்.

ஆச்சி இப்போது அவரைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள்.

"தேங்கா திருவ ஆள் பத்தல."

அவர் சட்டையைக் கழற்றி மூங்கிலில் மாட்டிவிட்டு, திருவலையைக் காலுக்கடியில் போட்டு உட்கார்ந்தார். மலைபோலக் கிடந்த தேங்காய் மூடிகளை ஒவ்வொன்றாய் எடுத்துத் திருவ ஆரம்பித்தார். ஒரே ஒரு தடவை மட்டும் வாயைத் திறந்தார்.

"எலுமிச்சம்பழம்..."

அகப்பை நின்றது. "என்ன?"

"இல்ல, நல்ல பழமாப் பாத்து வாங்கியிருக்கேன்னேன்."

சங்கிலிபூதத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கினான்.

முதல் பாலை விடுகிற நேரம் வந்தது. அது கொதித்துவிட்டால் திரிந்துபோகும், விட்டதும் தீ அடங்கியாக வேண்டும். ஆச்சி இரண்டு பேரைப் பால் சருவத்தைச் சரிக்கச் சொல்லி, "தீய இழுங்க, வெரசா!" என்றாள். எரிகிற கட்டைகளை இழுத்துப் போட்டது பிள்ளைவாள்தான். வெள்ளையாய் ஒரு சுழி வந்து பரவி அடங்கியது. கல்யாணச் சமையலில் ருசி பார்க்கிற வழக்கமில்லை, மணம்தான். ஆச்சி குனிந்து மூச்சை இழுத்தாள். பிள்ளைவாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இறக்குங்க" என்றாள்.

இலை போடும்போது மழை விட்டிருந்தது. பந்தல் துணியிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. சொதி வந்ததும் எல்லாரும் இலைமேல் குனிந்தார்கள். அப்புறம் உறிஞ்சுகிற சத்தம். மாப்பிள்ளையின் பெரியப்பா, முதலில் முணுமுணுத்தவர், இலையை வழித்துவிட்டு உரக்கச் சொன்னார்:

"பொம்பள வச்சான்னு யாருவே சொன்னது? இது நம்ம சங்கரன் கைல்லா!"

அத்தனை தலையும் உப்பேரி பரிமாறிக்கொண்டிருந்த பிள்ளைவாள் பக்கம் திரும்பியது. அவர் வாயைத் திறந்தார். அதற்குள் ஆக்குப்புரை வாசலிலிருந்து குரல் வந்தது.

"என் கை" என்றாள் நீலாம்பாள் ஆச்சி.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் கடைசி இலை வரைக்கும் கேட்டது. பெரியப்பா ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். பிறகு இலையைக் காட்டி, "அப்படீன்னா இன்னுங் கொஞ்சம் விடச் சொல்லு தாயி" என்றார். பந்தல் அதிரச் சிரித்தது.

பிள்ளைவாள் சங்கிலிபூதத்தான் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டார். பந்தியின் தொடக்கத்துக்குப் போனார். பரிமாறுகிறவர்கள் சாம்பார், சாம்பார் என்று கூவிக்கொண்டு வருவார்களே, அதே ராகத்தில் ஆரம்பித்தார்.

"நீலாம்பா சொதி... நீலாம்பா சொதி... யாருக்கு, நீலாம்பா சொதி..."

வேண்டாமென்று கை மறித்தவர்களுக்கும் ஊற்றினார். ஆச்சி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உள்ளே போனபிறகும் அவள் தோள் ஆடுவது ஓலை இடுக்கு வழியாய்த் தெரிந்தது. சிரித்தாளா அழுதாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சாயங்காலம் வெயில் வந்தது. பிள்ளைவாள் காலி வண்டியைத் திருப்பிக்கொண்டு நின்றார். வா என்று கூப்பிடவில்லை. தார்ப்பாயை மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார். ஆச்சி வந்து வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வண்டி சும்மாத்தான போகுது?"

"ஆமா."

"எங்கால் ரெண்டும் வீங்கிப் போச்சு."

அவருக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் வண்டியிலிருந்த மரத்தூளைக் கையாலேயே தட்டிவிட்டார். தார்ப்பாயை விரித்து, அதன்மேல் தன் துண்டையும் விரித்தார்.

"ஏறு."

"ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சிரிக்கதுக்குத்தான பாலத்துல வந்து உக்காந்திருக்கான் ஒவ்வொருத்தனும்."

ஆச்சி ஏறிக் காலை நீட்டி உட்கார்ந்தாள். மடியில் அகப்பை. கைப்பிடிச் சுவர் நெடுக இரண்டு ஊரும் இருந்தது. யாரோ விசிலடித்தான். பீர் மைதீன் கடையிலிருந்து, "ஆச்சி, சீட்டு எடுத்தாச்சா?" என்று கத்தினார். பிள்ளைவாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், காதுவரை சிரித்தபடி நடந்தார்.

"பைய, பைய" என்றாள் ஆச்சி.

நட்டநடுவில் எதிரே ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர், மஞ்சள் பையோடு.

"அண்ணாச்சி, தவசுப்பிள்ளை வீடு எங்கன இருக்கு? கார்த்திகையில ஒரு கல்யாணம்."

பிள்ளைவாள் வண்டியை நிறுத்தி நெற்றியைத் துடைத்தார். வண்டியில் இருந்தவளைப் பார்த்தார்.

"நாள் என்னைக்கு?" என்று கேட்டாள் ஆச்சி.

வந்தவர்கள் அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தேதியைச் சொன்னார்கள். அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"நான் வாரேன். தேங்கா திருவ இவ்வொளுக்குத் தோது இருக்கான்னு கேட்டுக்கிடுதேன்."

"இருக்கு, இருக்கு" என்றார் பிள்ளைவாள். திரும்பவும் வண்டியைத் தள்ள ஆரம்பித்தார்.